கொதித்த குழாயிலும் சிவப்பு

இப்போது அந்தப் புரதம் கூரியரில் வருகிறது. சுண்டுவிரல் அளவுக் குப்பி, சுற்றிலும் உலர்பனி. பிரித்து, கரைத்து, உடனே வேலையை ஆரம்பித்துவிடலாம். போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்துப் பெண்கள் இருவர் ஆரணிக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், என் வீட்டுக்கும் வந்தார்கள். "அக்கா, ஆட்டு நுரையீரலைக் கழுவியா நீங்க இதை எடுத்தீங்க? நெஜமாவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமாம் என்றேன். கல்லூரி மலருக்கு அதை எழுதித் தரச் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நுரையீரல் கழுவிய கதையை மட்டும் எழுதினால் பாதியை மறைத்ததாகிவிடும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறிக்காரரையே கட்டிக்கொண்டவள். ப்ளஸ் டூவுக்குப் பிறகு லேப் டெக்னீசியன் டிப்ளமா. ஒரு கிளினிக்கில் நாலு வருடம் ரத்தமும் சளியும் பார்த்தேன். அதன்பின் ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

ஆய்வகத்தின் தலைவர் மாலதி மேடம். குழந்தை மருத்துவராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டில் பல வருடம் நின்றிருக்கிறார். அந்தக் குழந்தைகளின் நுரையீரலில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள், ஈரமான பாலிதீன் பை போல ஒட்டிக்கொண்டு பிரியாது. அவை ஒட்டாமல் இருப்பதற்கு நம் எல்லோருக்கும் நுரையீரலுக்குள் சோப்பைப் போல ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர். பெரும்பாலும் கொழுப்பு, கொஞ்சம் புரதம். அந்தப் புரதங்களில் ஒன்று மூச்சோடு உள்ளே போகும் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் மேல்சவ்வைக் குலைத்துவிடும் என்பதுதான் மேடம் நிரூபிக்க நினைத்தது. வெள்ளையணுவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், புரதம் தனியாகவே அதைச் செய்யுமா என்பது கேள்வி.

"ஓட்டை போடுதுன்னு சொல்லாதீங்க கஸ்தூரி," என்பார். "ஓட்டையை நாம பார்க்கல. கசியுதுன்னு சொல்லுங்க. கசியறதைத்தான் பார்த்தோம்."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'செய்தீங்களா?' என்று கேட்க மாட்டார். 'எத்தனை முறை?' என்றுதான் கேட்பார். ஒருமுறை என்று சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தலையாட்டலுக்கு ஆய்வகமே பயப்படும். நோட்டுப் புத்தகத்தில் அழிப்பதும் வெள்ளை மை பூசுவதும் அவரிடம் நடக்காது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

நுரையீரல் கொண்டுவருவது என் வேலை. ஆரணி மார்க்கெட்டில் ரஹீம் பாய் கடைக்குக் காலையிலேயே போய்விடுவேன். மூச்சுக்குழலை நீளமாக விட்டு அறுக்க வேண்டும்; நுரையீரலில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. கீறினால் உள்ளே ஊற்றும் உப்புநீர் எல்லாம் அந்த வழியாகவே ஒழுகிவிடும். இதை அவருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகு அவரைப் போல யாரும் பதமாக எடுத்துத் தந்ததில்லை.

"இன்னாம்மா, ஊரே கறிய வாங்கிகினு போவுது, நீ காத்த வாங்கிகினு போற," என்று கேலி செய்தபடியே கட்டித் தருவார்.

தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்காரும் பெண்கள், "உள்ள இன்னா, மீனா?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். கூட்டமான நாட்களில் அது எனக்கு வசதியாகவே இருந்தது.

ஆய்வகத்தில் புனல் வைத்து மூச்சுக்குழல் வழியாகக் குளிர்ந்த உப்புநீரை ஊற்றுவேன். நுரையீரல் பலூன் போல மெல்ல எழும்பும். இரண்டு கையாலும் பிசைந்து, கவிழ்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக, நுரையோடு வரும். அதை இயந்திரத்தில் சுழற்றிப் படியவைத்து, கொழுப்பைக் கரைப்பானால் பிரித்தெடுக்க வேண்டும். மீதமிருக்கும் கொழுப்பு போவதற்கு ஆய்வகத்துக்கென்றே உள்ள ஒரு சோப்பில் அலச வேண்டும். கடைசியில் அந்தச் சோப்பு போக வேண்டும். இங்கேதான் பொறுமை. புரதக் கரைசலை மெல்லிய ஜவ்வுப் பையில் கட்டி, பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக் கரைசலில் மிதக்கவிட்டு, குளிரறையில் வைப்போம். அடியில் காந்தக் கலக்கி சுற்றிக்கொண்டே இருக்கும். சோப்பு பையைத் தாண்டி வெளியே வரும். புரதம் பெரியது, உள்ளேயே நிற்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று மூன்று நாளில் ஆறு முறை வெளிக்கரைசலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வெளியே வந்த சோப்பும் உள்ளே நிற்கும் சோப்பும் சமமாகி, எத்தனை நாள் கிடந்தாலும் மீதி போகாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நோட்டில் ஒரு கோடு போடுவேன்.

அருள் அப்போது மேடத்திடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான். தேசூர்ப் பக்கம். அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லை. ஆய்வு அவனுடையது, புரதம் எடுத்துத் தருவது நான். அவன் செய்த சோதனை எளிதானது. கிருமிகளோடு ஒரு சிவப்புச் சாயத்தைக் கலப்பான். கிருமியின் சவ்வு முழுசாக இருந்தால் சாயம் உள்ளே போகாது, நுண்ணோக்கியில் எல்லாம் இருட்டாகத் தெரியும். சவ்வு கசிந்தால் சாயம் உள்ளே போய்க் கிருமி சிவப்பாக ஒளிரும்.

முதல் இரண்டு வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஒளிர்ந்தது. எங்களால் அதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை. வெளிக்கரைசலை இரண்டாம் முறை மாற்றுவதற்கு முன்பே எனக்குப் போன் வந்தது. பவர்லூம் ஷெட்டில் என் கணவரின் வலது கை பெல்ட்டில் சிக்கிவிட்டது. அப்படியே கிளம்பி ஆரணி வந்தேன். இரண்டு விரலுக்குத் தையல், ஒரு விரலில் எலும்பு முறிவு. வெள்ளிக்கிழமைதான் வேலைக்குத் திரும்பினேன். குளிரறைக்குள் போனால் காந்தக் கலக்கியும் நின்று கிடந்தது. கரண்ட் போய் வந்திருக்க வேண்டும். அந்தப் பையின் கரைசல் ஒரே ஒரு முறைதான் மாற்றப்பட்டிருந்தது.

நியாயமாக அன்றிலிருந்து ஆறு முறை மாற்றியிருக்க வேண்டும். அருள் அன்றைக்குப் புரதம் வேண்டும் என்று காத்திருந்தான். மேடமும் ஊரில் இல்லை. நான் பையை எடுத்து, கரைசலைக் குழாய்களில் பிரித்து, நோட்டில் ஆறு கோடு போட்டேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. தெரிந்துதான் போட்டேன். அருளிடம் ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் அவனே மாற்றியிருப்பான். அதுவும் தோன்றவில்லை.

அன்று மாலை இருட்டறையிலிருந்து அருள் கத்தினான். நுண்ணோக்கியில் வானம் முழுக்கச் சிவப்பு நட்சத்திரம் போல ஒளிர்ந்தது. எல்லாக் கிருமியும் கசிந்திருந்தது.

திரும்பிவந்த மேடம் பார்த்தார். எத்தனை முறை என்று கேட்டார். அருள் அதே புரதத்தில் நான்கு முறை செய்திருந்தான். நான்கிலும் சிவப்பு. இத்தனை நாள் புரதம் சுத்தமாக வரவில்லை, இந்தமுறைதான் சரியாக வந்திருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். மேடம் என் தோளைத் தொட்டு, "உங்க கைதான் கஸ்தூரி," என்றார். அந்த வார்த்தைக்கு நான் சிரித்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரு பெரிய மாநாட்டில் பேச அருளுக்கு அழைப்பு வந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதத் தொடங்கினான். மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு படம் குறைகிறது என்றான். புரதத்தைக் கொதிக்க வைத்து ஒரு சோதனை. கொதித்தால் புரதம் கெட்டுவிடும். கெட்ட புரதம் கிருமியை ஒன்றும் செய்யக் கூடாது. புரதம் வீணாகிவிடும் என்று அதுவரை தள்ளிப் போட்டிருந்தோம். அவன் எழுதிக்கொண்டிருந்ததால் அதை நானே செய்தேன்.

கொதித்த குழாயிலும் சிவப்பு. கொஞ்சமும் குறையவில்லை.

மறுபடி கொதிக்க வைத்தேன். சிவப்பு. மூன்றாம் முறையும் அதுவே. புரதம் செத்த பிறகும் கிருமி கசிகிறது என்றால், கசிய வைப்பது புரதமில்லை.

யாரிடமும் சொல்லாமல் இன்னொன்றும் செய்தேன். நுரையீரலே இல்லாமல், வெறும் உப்புநீரை எடுத்து அதே கரைப்பான், அதே சோப்பு, அதே பை என்று எல்லாவற்றையும் செய்து, ஒரே ஒரு முறை மட்டும் வெளிக்கரைசலை மாற்றி, கலக்கியை நிறுத்திவைத்தேன். அந்த வெறும் கரைசலை மூன்று முறை கிருமியில் விட்டுப் பார்த்தேன். சிவப்பு.

பையில் மிச்சம் நின்ற சோப்புதான் சவ்வைக் கரைத்திருக்கிறது. அன்று வீட்டில் தட்டில் போட்டது அப்படியே இருந்தது. என் கணவர் இன்னும் விரல் மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சொன்னேன். ஆய்வு அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். பட்டு நூலைச் சோப்புக்காரத்தில் வேகவைத்து, அலசி, சாயம் ஏற்றும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது உடனே புரிந்தது.

"சோப்பு உள்ள நின்னுபோச்சா?"

"ஆமாங்க."

"பட்டுல நின்னா சாயம் திட்டுத் திட்டா புடிக்கும். மறைக்க முடியாது."

"இங்க மறைக்கலாம். அதான் பேஜாரு."

தன் கையைப் பார்த்தார். பிறகு, "என் கையாலதான ஆச்சு. நீ ஆஸ்பத்திரில இருந்தன்னு சொல்லு. அந்தம்மா புரிஞ்சிக்குவாங்க," என்றார்.

"ஆஸ்பத்திரில இருந்தது நெஜந்தான். ஆறு கோடு போட்டது நானு."

"வேலை போயிடுமா?"

"போனாலும் போவும்."

"சரி. போய் சொல்லிட்டு வா. ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை மேடம் வந்ததும் நோட்டோடு அறைக்குள் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கொதித்த குழாயைப் பற்றி, வெறும் கரைசலைப் பற்றி, கடைசியில் கோடுகளைப் பற்றி. மேடம் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டார்.

"ஆறு இருக்கு."

"ஒண்ணுதான் மேடம்."

"கொதிக்க வெச்சது எத்தனை முறை?"

"மூணு."

"வெறும் கரைசல்?"

"அதுவும் மூணு மேடம். மூணுலயும் சிவப்பு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து, மாநாட்டுக்காரர்களிடம் எங்கள் பேச்சை விலக்கிக்கொள்வதாகச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போல. "முடிவு தப்பு. எங்க தப்பு," என்று வைத்துவிட்டார்.

பிறகு என்னிடம், "இந்தப் பக்கத்தைத் திருத்துங்க. இன்னையிலேருந்து நீங்க எழுதற ஒவ்வொரு வரிக்கும் இன்னொருத்தர் கையெழுத்து வேணும். அருளுக்கு நீங்களேதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்," என்றார். நான் வாசல்வரை போனதும், "கஸ்தூரி," என்று கூப்பிட்டார். "வெறும் கரைசலைச் செய்யணும்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம்."

தலையை ஆட்டினார். அது எந்தத் தலையாட்டல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அருளிடம் சொன்னதுதான் கஷ்டம். அவன் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் கம்ப்யூட்டர் திரையையே பார்த்தபடி, "எங்கப்பாகிட்ட சொல்லிட்டேங்கா," என்றான். "எந்தத் தேதி, எந்த ஊர், எல்லாம் சொல்லிட்டேன். அவுரு வேலை செய்யற எடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்காரு." அப்புறம் எழுந்து வெளியே போனான். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தான். என்னிடம் பேசவில்லை.

அவனுக்கு உதவித்தொகை முடிய ஒரு வருடம்கூட இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். வாரத்துக்கு இரண்டு நுரையீரல். ரஹீம் பாய், "இன்னாம்மா, ஜல்தி ஜல்தியா வர? கேஸ் எதுனா மாட்டிகிச்சா?" என்றார். ஆமாம் பாய் என்றேன். மழைக்காலத்தில் செய்யாறு தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்ற சாலையில், ஐஸ் உருகுவதற்குள் போக வேண்டுமே என்று பாதி வழி நடந்த நாளும் உண்டு. ஆறு முறை என்பதை நான் எட்டாக்கினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அருளின் கையெழுத்து. கரைசல் மாற்றும் நேரத்துக்கு அவன் குளிரறைக்கு வருவான், நான் ஊற்றுவதைப் பார்ப்பான், கையெழுத்திட்டுப் போவான். இரண்டு மாதம் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை புரதம் எடுக்கும்போதும் வெறும் கரைசல் ஒன்றும் கூடவே தயாரானது. கொதித்த குழாய் ஒன்றும் இல்லாமல் எந்தச் சோதனையும் நடக்கவில்லை.

சுத்தமான புரதம், நாங்கள் அதுவரை பயன்படுத்திய கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. இருட்டு. அருள் அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். மேடம் படங்களை நெடுநேரம் பார்த்தார். அந்தக் கிருமியின் மேல் சர்க்கரைத் தொடர்கள் நீளமாக வளர்ந்து போர்வை மாதிரி மூடியிருக்கும். புரதத்தால் சவ்வை நெருங்க முடியாமல் இருக்கலாம் என்றார். அதே கிருமியில், போர்வை குட்டையாக உள்ள ஒரு வகையை வேறு ஆய்வகத்திலிருந்து வரவழைத்தார்.

அதில் ஒளிர்ந்தது. வானம் நிறைய இல்லை. பத்தில் இரண்டு மூன்று. ஆனால் கொதித்த குழாய் இருட்டு. வெறும் கரைசல் இருட்டு. கால்சியத்தை எடுத்துவிட்டால் புரதமும் இருட்டு, திரும்பச் சேர்த்தால் ஒளிர்ந்தது. அந்தப் புரதம் கிருமியைப் பிடிப்பதற்குக் கால்சியம் தேவை என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆக, பிடித்தால்தான் கசிகிறது. ஏழு முறை செய்தோம். ஏழாம் முறை இருட்டறையிலிருந்து வெளியே வந்த அருள், "அக்கா, நாளைக்கு ஐஸ் கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துகினு வாங்க, இன்னொரு முறை பார்த்துடலாம்," என்றான். கோபித்துக்கொண்ட பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஆய்வேடு ஒரு வருடம் தாமதமாகத்தான் முடிந்தது. கடைசி எட்டு மாதம் அவன் ஒரு பள்ளியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்துக்கொண்டே எழுதினான். வாய்மொழித் தேர்வு அன்று அவன் அப்பா, அம்மா, அண்ணி மூவரும் தேசூரிலிருந்து வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் போன்ற டெக்னீசியன்கள் பின்னால்தான் நிற்பார்கள், பேசும் வழக்கமில்லை.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் வயதானவர், கறாரானவர். பாதியிலேயே நிறுத்தி, "புரதம் எடுக்கறதுக்கு சோப்பு பயன்படுத்தியிருக்கீங்க. கிருமியைக் கசிய வைக்கறது அந்த சோப்பு இல்லேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அருள் கொதித்த குழாயின் படத்தையும் வெறும் கரைசலின் படத்தையும் காட்டினான். பரீட்சகர் முகம் மலர்ந்தது. "நல்லா யோசிச்சிருக்கீங்க. இது உங்க யோசனையா?"

"இல்ல சார். பின்னாடி நிக்கறாங்களே, கஸ்தூரி அக்கா. அவங்க செஞ்சது."

எல்லாத் தலையும் திரும்பியது. பரீட்சகர் என்னைப் பார்த்து, "எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?" என்றார்.

கொதித்த குழாய் ஒளிர்ந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஒரு தடவ, ஆறு முறை மாத்த வேண்டிய கரைசலை ஒரே முறை மாத்திட்டு ஆறுன்னு எழுதினேன் சார். அதனால வந்துச்சு."

பரீட்சகர் பேனாவை மூடினார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ இந்தப் புத்தகத்துல இருக்கற மீதி எல்லாத்தையும் நான் எப்படி நம்பறது?" என்று அருளைக் கேட்டார்.

அருளின் அப்பாவுக்கு நடுநடுவே வந்த ஆங்கில வார்த்தைகள் புரிந்திருக்காது. இந்தக் கேள்வி புரிந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அருள் அவசரப்படவில்லை. "நம்ப வேணாம் சார்," என்றான். "புரதம் குளிரறையில இருக்கு. கிருமி காலையில வளர்த்தது. நீங்களே வந்து பாருங்க."

நான் அறிந்து எந்த வாய்மொழித் தேர்வும் பாதியில் எழுந்து மாடிப்படி இறங்கியதில்லை. அன்று இறங்கியது. பரீட்சகர் மூன்று குழாயை எடுத்தார். ஒன்றில் புரதம், ஒன்றில் கொதித்த புரதம், ஒன்றில் வெறும் கரைசல். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெயர்கள் தெரியாதபடி தன் கையாலேயே தாள் ஒட்டி, இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எழுதினார். எது எது என்று அவருக்கே தெரியாத அளவுக்கு மாற்றியிருந்தார். பிறகு கதவைத் திறந்து, "கிருமியும் சாயமும் அந்தம்மாவே கலக்கட்டும்," என்றார்.

அருளும் மேடமும் இரண்டு பக்கம் நின்றார்கள். ஆயிரம் முறை செய்த வேலை. மூன்றிலும் ஒரே அளவு, ஒரே நேரம். மூன்று கண்ணாடித் தகடுகளிலும் எண் எழுதி இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

பரீட்சகர் நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் தகட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்திப் பார்த்தார். மாற்றினார். இரண்டாவதில் நெடுநேரம் நின்றார். மூன்றாவதைப் பார்த்துவிட்டு மறுபடி இரண்டாவதுக்கு வந்தார். வாய்க்குள் எதையோ எண்ணினார்.

நிமிர்ந்து, "ரெண்டாவது," என்றார். "கொஞ்சம்தான். ஆனா ரெண்டாவதுலதான் இருக்கு."

அருள் இருட்டறைக்கு வெளியே போய் இரண்டாம் எண் குழாயைத் தூக்கி, ஒட்டியிருந்த தாளை உரித்து, எல்லோருக்கும் தெரியும்படி காட்டினான். என் கையெழுத்தில் 'புரதம்' என்று இருந்தது.